அதிகம் பேசப்படாத, ஆனால் உங்களுக்கு மிகவும் பிடித்த வெளிநாட்டு நடிகர் யார்? ஏன்?

லூயிஜி மோன்டெஃபியோரி. இந்தப் பெயரைச் சொன்னால் பழைய இத்தாலியப் படங்களைத் தேடித் தேடிப் பார்ப்பவர்களுக்கே சட்டென்று ஆள் பிடிபடாது. ஜார்ஜ் ஈஸ்ட்மேன் என்றால் தெரியும். இருவரும் ஒருவர்தான்.

1942இல் இத்தாலியின் ஜெனோவாவில் பிறந்தவர். அவர் நடிக்க வந்த காலத்தில் இத்தாலியில் கௌபாய் படங்கள் வரிசைகட்டி வந்துகொண்டிருந்தன. அமெரிக்கப் படம் மாதிரி தெரிந்தால்தான் விற்கும் என்று டைட்டிலில் ஆளாளுக்கு ஆங்கிலப் பெயர் போட்டார்கள். 1964இல் இயக்குநர் செர்ஜியோ லியோனியே தன் முதல் கௌபாய் படத்துக்கு 'பாப் ராபர்ட்சன்' ஆனார். நடிகர் ஜூலியானோ ஜெம்மா 'மான்ட்கோமரி வுட்' ஆனார். ஜெனோவாக்காரர் ஈஸ்ட்மேன் ஆனதும் அதே வழக்கத்தில்தான்.

ஆள் இரண்டு மீட்டருக்கு மேல் உயரம். அந்த உயரம்தான் அவருக்குச் சோறு போட்டது, அதுவே அவரைக் கட்டியும் போட்டது. 1969இல் இத்தாலிய இயக்குநர் ஃபெலினியின் 'சாட்டிரிக்கான்' படத்தில் மினோட்டார், அதாவது காளைத் தலை மனிதன் வேடம். 1985இல் ரிச்சர்ட் கியர் தாவீதாக நடித்த 'கிங் டேவிட்' படத்தில், தாவீது வீழ்த்தும் ராட்சசன் கோலியாத். பெரிய படம் என்றால் அவருக்குக் கிடைத்தது இந்த மாதிரி வேடங்கள்தான். வருவார், பயமுறுத்துவார், போய்விடுவார். நடுவில் இருந்த ஆண்டுகளெல்லாம் சின்ன பட்ஜெட் படங்களில் கழிந்தன.

நான் முதலில் பார்த்தது 1980இல் வந்த 'ஆந்த்ரோபோஃபகஸ்'. கல்லூரி விடுதி அறையில், விளக்கை அணைத்துவிட்டு, நண்பனின் லேப்டாப்பில். ஜோ டமாட்டோ இயக்கிய படம். கிரேக்கத் தீவு ஒன்றில் மனிதர்களைத் தின்னும் ஒருவன், அவன்தான் ஈஸ்ட்மேன். பிரிட்டனில் 1980களில் கொடூரப் படங்களின் வீடியோ கேசட்டுகளைப் பறிமுதல் செய்தபோது இதுவும் சிக்கியது. கருவைத் தின்னும் காட்சிதான் முக்கியக் காரணம். உண்மையில் அது தோலுரித்த முயல். படம் முடிந்ததும் நண்பர்கள் அந்தக் காட்சியைப் பற்றியே பேசினார்கள். எனக்கு மனதில் நின்றது வேறு. அவன் முன்பு குடும்பத்தோடு கடலில் படகில் தத்தளித்தபோது, பசி தாங்காமல் செத்த பிள்ளையின் உடலைத் தின்ன நினைக்கிறான். தடுக்க வந்த மனைவி அவன் கையாலேயே சாகிறாள். அந்த நினைவு வரும் இடத்தில் அந்த முகத்தில் இருந்தது வெறியே இல்லை, துக்கம்.

பிறகு தேடினால், அந்தப் படத்தின் திரைக்கதையில் அவருக்கும் பங்கு இருக்கிறது என்று தெரிந்தது. அங்கேதான் அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது. தனக்கு வரும் வேடமெல்லாம் ராட்சசன் வேடம்தான் என்றால், அந்த ராட்சசனுக்கு ஒரு கதையையாவது நாமே எழுதிக் கொடுப்போம் என்று உட்கார்ந்தவராகத்தான் நான் அவரைப் பார்க்கிறேன். 1976இல் ஃபிராங்கோ நீரோ நடித்த 'கியோமா' இவர் எழுதிய கதை. இத்தாலியக் கௌபாய் அலை வடிந்த பிறகு வந்த நல்ல படங்களில் அதுவும் ஒன்று. 1987இல் மிக்கேலே சோவாவி இயக்குநராக அறிமுகமான 'டெலிரியா' படத்தின் திரைக்கதையும் இவருடையதே. ஆந்தைத் தலை மாட்டிய கொலைகாரனோடு ஒரு நாடகக் குழு அரங்குக்குள் பூட்டப்பட்டுக் கிடக்கும் கதை. அதில் இவர் பெயர் 'லூ கூப்பர்'. எழுத்துக்கும் கடன் வாங்கிய ஆங்கிலப் பெயர்தான்!

'மேட் மேக்ஸ்' அலையில் வந்த உலக அழிவுப் படங்களிலும் வரிசையாக நடித்தார். 1982, 1983 இரண்டே ஆண்டுகளில் தெருக் கும்பல் தலைவன், பாலைவனக் கொடுங்கோலன், குரங்கு மனிதன் என்று பல வேடங்கள். அவற்றைப் பார்க்காவிட்டால் பெரிய நஷ்டமில்லை.

ஆனால் 'ரேபிட் டாக்ஸ்' அப்படியில்லை. இத்தாலிய இயக்குநர் மாரியோ பாவா 1974இல் எடுத்த படம். கொள்ளையடித்துவிட்டுத் தப்பும் மூன்று பேர், பிணையாக ஒரு பெண், நோயாளிக் குழந்தையோடு கார் ஓட்டும் ஒருவர். கொளுத்தும் வெயிலில் ஏறக்குறைய முழுப் படமும் அந்தக் காருக்குள்ளேயே நடக்கிறது. ஈஸ்ட்மேன் கொள்ளையர்களில் ஒருவன். அவனுக்குப் பெயர்கூடக் கிடையாது, 'முப்பத்திரண்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். எழுந்து நிற்க இடமே இல்லாததால் உயரம் இங்கே உதவவில்லை. சிரிப்பு, வியர்வை, அந்தப் பெண்ணின் மேல் ஊர்ந்துகொண்டே இருக்கும் பார்வை, இவ்வளவை வைத்துக்கொண்டு வயிற்றைக் கலக்குகிறார். கடைசியில் சொந்தத் தலைவனே சுட்டு, அதே காரில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும்போது, அவ்வளவு நேரம் வெறுத்த ஒருவனுக்காக எனக்குத் தொண்டை அடைத்தது.

பணம் போட்டவர் இறந்து, தயாரிப்பு திவாலாகி, பிலிம் முடக்கப்பட்டது. பாவா 1980இல் இறந்துவிட்டார். படம் வெளியே வந்தது 1990களில். ஈஸ்ட்மேனின் மிகச் சிறந்த நடிப்பு இருபது ஆண்டுகளுக்கு மேல் பெட்டிக்குள் கிடந்தது. 1975இலேயே அது தியேட்டருக்கு வந்திருந்தால் இயக்குநர்கள் அவரை வேறு கண்ணோடு பார்த்திருப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இதை நினைக்கும்போதெல்லாம் மனசு ஆறவில்லை.

1980களின் இறுதியில் இத்தாலியில் தொலைக்காட்சி வளர்ந்து, இந்த மாதிரிச் சின்னப் படங்களுக்கான சந்தை சரிந்தது. கூட நடித்த பலருக்கும் வேலை போனது. இவர் தொலைக்காட்சிக்கு எழுதப் போய்விட்டார், மோன்டெஃபியோரி என்ற சொந்தப் பெயரில்.

பார்க்க ஆசைப்படுபவர்கள் 'ரேபிட் டாக்ஸ்' படத்தில் தொடங்குங்கள். இத்தாலிய மொழியிலேயே, சப்டைட்டிலோடு பாருங்கள்.