கொம்பும் கட்டும்

அன்புள்ள ஐயா,

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் பைகளில் தக்காளி வைத்திருக்கிறேன். பாதி சாதாரணத் தக்காளி, பாதி செர்ரி தக்காளி. போன வாரம் அடித்த காற்றில் பூவும் பிஞ்சுமாக எல்லாம் சாய்ந்துவிட்டன. அவசரமாக ஆன்லைனில் பச்சை பிளாஸ்டிக் பூசிய இரும்புக் குச்சிகள் வாங்கி, கேபிள் டை போட்டு இறுக்கி நிறுத்தினேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் இரண்டு செடிகள் கட்டிய இடத்திலேயே ஒடிந்து தொங்குகின்றன. மூங்கில், சவுக்கு, பிவிசி பைப், இதில் எது நல்லது, எத்தனை அடி வேண்டும்? என் மாமியார், "கொடிக்குக் காய் பாரமா, அதும் போக்குல விடு" என்கிறார். எனக்கும் சில நேரம், ஒரு செடியைக் கட்டி நிறுத்துவதே இயற்கைக்கு எதிரான வன்முறையோ என்று தோன்றுகிறது. முல்லைக்குத் தேர் கொடுத்த மண் இது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

க., சென்னை

அன்புள்ள க.,

பதில் எழுதாத கடிதங்கள் நிறையச் சேர்ந்து கிடக்கின்றன. உங்களுடையதை முதலில் எடுத்ததற்குக் காரணம் "கட்டிய இடத்திலேயே ஒடிந்து" என்று எழுதியிருந்தீர்களே, அதுதான். ஒரு வாரமாக எனக்குள் ஓடிக்கொண்டிருப்பதும் அதே விஷயம். எங்கள் தெருமுனையில் ஒரு புங்கன் கன்று, ஆள் உயரம் தாண்டி நன்றாக வந்துகொண்டிருந்தது, முறிந்து கிடந்தது. பெரிய காற்று ஒன்றும் அடிக்கவில்லை. குனிந்து பார்த்தேன். நட்ட அன்றைக்கு மூங்கிலோடு சேர்த்துச் சுற்றிய நீல நைலான் கயிறு பட்டைக்குள் புதைந்து, அதன் மேல் சதை மூடி, கயிற்றின் நுனி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. முறிந்தது மிகச் சரியாக அந்த இடத்தில்தான்.

முதலில் இந்த வன்முறைக் கேள்வியை ஓரமாக வைத்துவிடுவோம். தக்காளியின் காட்டு உறவுகள் தென் அமெரிக்காவில், ஆண்டிஸ் மலையும் அதை ஒட்டிய கடற்கரையும் உள்ள பகுதிகளில் இருக்கின்றன. பெரும்பாலும் தரையில் படர்ந்து கிடப்பவை. தண்டு ஈர மண்ணைத் தொட்ட இடத்தில் வேர் விடும், அங்கிருந்து மேலே போகும். காயும் சின்னது. அந்தச் செடியைப் பெரிய காய்க்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்து, கடைசியில் ஒரு பையில் போட்டு, வெயிலில் கொதிக்கும் சிமென்ட் தரையில் வைத்தாயிற்று. அங்கே அதற்குச் சொந்தப் போக்கு என்று எதுவும் கிடையாது. சாய்ந்து விழுந்தால் வேர் விட மண் இல்லை, தண்டு சுடும், காய் வேகும். வைத்தவர் நீங்கள், நிறுத்த வேண்டியதும் நீங்கள்தான். இதில் தத்துவம் பேச என்ன இருக்கிறது? பாரியையும் விட்டுவிடுங்கள். முல்லை கொடி, பக்கத்தில் கிடைத்ததில் தொற்றிக்கொள்ளும். தக்காளிக்குத் தேரையே கொடுத்தாலும் யாராவது கட்டிவிடாமல் அது ஏறாது.

உங்கள் மாமியார் சொன்னது அப்படியில்லை, அதை நான் தள்ளிவிட மாட்டேன். அவர் சொன்னது கொடிக்கு, நீங்கள் வளர்ப்பது செடி, அவ்வளவுதான் வித்தியாசம். பாகல், பீர்க்கு, புடலை எல்லாம் தன்னைத் தானே கட்டிக்கொள்கிறவை. பாகல் கொடியில் சுருள் சுருளாக ஒரு கம்பி போகுமே, அதை ஒரு நாள் கண்ணாடி போட்டுக்கொண்டு கிட்டத்தில் பாருங்கள். நுனி ஒரு குச்சியைப் பற்றியதும் நடுப்பகுதி சுருள ஆரம்பிக்கும். பாதி தூரம் ஒரு பக்கமாகச் சுற்றும், நடுவில் ஒரு சின்ன நேர்த்துண்டு, அப்புறம் எதிர்ப்பக்கமாகச் சுற்றும். இரண்டு முனையும் பிடிபட்ட பிறகு முறுக்கேறாமல் சுருள வேண்டுமென்றால் வேறு வழி இல்லை. சார்லஸ் டார்வின் உடம்பு முடியாமல் அறைக்குள் அடைந்து கிடந்த காலத்தில் கொடிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மணிக்கணக்காக இதையெல்லாம் பார்த்திருக்கிறார். சூறைக்காற்று அடிக்கும்போது வேண்டுமென்றே வெளியே போய், வேலியில் ஏறியிருந்த ஒரு கொடி என்ன ஆகிறது என்று நின்று பார்த்திருக்கிறார். அது நம் பாகல், வெள்ளரி குடும்பத்தைச் சேர்ந்த கொடிதான். சுருள் நீண்டும் சுருங்கியும் கொடுத்ததால் காற்றில் அது அறுந்து போகவில்லை.

இதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். இப்படிச் சுருளால் தன்னைத் தானே கட்டிக்கொள்ளத் தெரிந்த செடி தன்னை அசையாமல் கட்டிக்கொள்வதில்லை. இழுத்தால் கொடுக்கிற மாதிரி, விட்டால் திரும்புகிற மாதிரித்தான் கட்டிக்கொள்கிறது. நீங்கள் கேபிள் டையைக் கடைசிப் பல் வரைக்கும் இழுத்திருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் மூங்கிலா, சவுக்கா, பைப்பா, எத்தனை அடி என்று கொம்பைப் பற்றி இவ்வளவு கேள்வி, கட்டைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. ஒடிந்தது கொம்பாலா?

எங்கள் மாமாவுக்கு மதுரைப் பக்கம் சோழவந்தானில் கொடிக்கால், அதாவது வெற்றிலைத் தோட்டம், இருந்தது. அந்த ஊர் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது அவர் இல்லை. இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டேன். கொடிக்காலில் கொம்பு என்பதே உயிருள்ள மரம். முதலில் அகத்தி விதைப்பார்கள், அது முளைத்து ஓரளவு எழும்பிய பிறகுதான் வெற்றிலைக் கொடியை ஊன்றுவார்கள். அகத்தி நிழலும் கொடுக்கும், கொடிக்குப் பிடிமானமும் கொடுக்கும், கீரை வீட்டுக்கும் மாட்டுக்கும் போகும். வெற்றிலைக்குக் கணுவில் சின்ன வேர் உண்டு, தானாகவே மரத்தில் ஒட்டும். ஆனாலும் கட்டத்தான் வேண்டும். பதினைந்து இருபது நாளுக்கு ஒரு முறை, வளர்ந்த அளவுக்குச் சாண் சாணாக, ஊறவைத்த வாழை நாரைக் கிழித்துக் கிழித்துக் கட்டிக்கொண்டே போவார்கள். மாமா செருப்போடு யாரையும் உள்ளே விடமாட்டார். நாங்கள் வெறுங்காலோடு ஈர மண்ணில் நார்க் கட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போவோம். கட்டின ஆள் அடுத்த பாத்திக்கு நகர்ந்ததும் மாமா வந்து கட்டுக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்ப்பார். விரல் போகவில்லையென்றால் ஒரு வார்த்தை பேசாமல் நாரைக் கிள்ளிப் போட்டுவிடுவார். அந்த ஆள் திரும்பி வந்து கட்ட வேண்டும். கூலி வேலைக்கு வந்த பெரியவர்களை இப்படிச் செய்கிறாரே என்று எனக்கு அப்போது கோபமாக இருக்கும். அந்த முறிந்த புங்கனைப் பார்த்தபோது மாமாவின் சுண்டுவிரல்தான் ஞாபகம் வந்தது.

இன்னொன்றும் அங்கே நடக்கும். கொடி மேலே மேலே போனால் ஒரு கட்டத்தில் இலை சிறுத்துவிடும். அதனால் வருடத்துக்கு ஒருமுறை, பங்குனி சித்திரை வாக்கில், நார்க் கட்டுகளையெல்லாம் அறுத்து, கொடியை முழுசாக இறக்கி, அடிப்பகுதியைச் சுருட்டி மண்ணில் புதைத்து, நுனியை மட்டும் மறுபடி அகத்தியில் கட்டி, தண்ணீர் விடுவார்கள். புதைந்த கணுக்களிலிருந்து புதுக் கிளை வெடிக்கும். அதாவது அவிழ்ப்பதும் அந்த வேலையில் ஒரு பாதி.

நம் ஊரில் மரம் நடுகிறவர்களிடம் இல்லாதது இந்தப் பாதிதான். நட்டு, கம்பு ஊன்றி, நைலான் கயிற்றால் வரிந்து கட்டி, படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். தண்ணீர் ஊற்றவாவது சில பேர் வருகிறார்கள், கயிற்றை அவிழ்க்க யாரும் வருவதில்லை. மரம் பருக்கும், கயிறு பருக்காது. இலையில் சமைத்த உணவு வேருக்கு இறங்குவது பட்டையின் உள்பக்கம் வழியாக. கயிறு அழுத்துவதும் அங்கேதான். மேலே இலை பச்சையாக இருக்கும், கயிற்றுக்கு மேல் தண்டு புடைத்திருக்கும், கீழே வேர் பட்டினி கிடக்கும். பார்க்கிறவர் கன்று நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கடந்து போவார். வெட்டிச் சாய்ப்பவரைத் திட்டுகிறோம். இதுவும் மரத்தைக் கொல்வதுதான், மூன்று நான்கு வருடம் எடுத்துக்கொள்கிறது என்பது மட்டும்தான் வேறுபாடு.

இறுக்கிக் கட்டினால் கயிறு வெட்டும் என்பது ஒரு பக்கம். ஆடவிடாமல் கட்டினால் தண்டு தேறாது என்பது இன்னொரு பக்கம். அமெரிக்கத் தாவரவியலாளர் ஜாஃபி 1973-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பீன்ஸ், வெள்ளரி, ஆமணக்கு போன்ற இளஞ்செடிகளின் தண்டை தினமும் சில நொடிகள் விரலால் தேய்த்துவிட்டார். அவ்வளவுதான் செய்தது. தேய்க்காத செடிகள் நெடுநெடுவென்று போக, தேய்த்தவை வளர்ச்சி குறைந்து குட்டையாக நின்றன, பீன்ஸில் தண்டு பருக்கவும் செய்தது. தொடுகை, ஆட்டம், காற்று, இதையெல்லாம் செடி உணர்ந்து அதற்கேற்றபடி தன் உடம்பை அமைத்துக்கொள்கிறது. முழு நீளத்துக்கும் அசையாமல் கட்டி வைத்த கன்று உயரமாகப் போகும், ஆனால் கம்பை எடுத்த அன்றைக்கு வளைந்துவிடும். அதனால் கன்றுக்குக் கம்பு வைத்தால் கட்டு முடிந்தவரை கீழே, தலை ஆடுகிற மாதிரி. கன்று தானே நிற்கிறதென்றால் கம்பே வேண்டாம்.

சரி, உங்கள் தக்காளிக்கு வருகிறேன். சவுக்கு கிடைத்தால் சவுக்கு, இல்லையென்றால் மூங்கில், அதுவும் இல்லையென்றால் நீங்கள் வாங்கிய இரும்புக் குச்சியே இருக்கட்டும், காசு கொடுத்தாயிற்று. பைப் வேண்டாம், வழவழப்பாக இருக்கும், கட்டு வழுக்கி இறங்கும். பச்சை முருங்கைக் கொம்பையோ பூவரசுக் கொம்பையோ ஒடித்து ஊன்றிவிடாதீர்கள், அது பையிலேயே வேர் பிடித்துத் தக்காளியின் தண்ணீரைக் குடிக்கும். நாட்டுத் தக்காளியோ, பெரியகுளத்தில் உருவான பிகேஎம் 1 மாதிரிக் குட்டை ரகமோ என்றால் 3 அடி போதும். செர்ரி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும், அதற்கு 6 அடியும் பற்றாது. ஆனால் ஒரு அடி ஆழப் பையில், அதுவும் தேங்காய்நார்க் கழிவு கலந்த லேசான மண்ணில், 6 அடிக் கம்பு எதைப் பிடித்து நிற்கும்? காற்றடித்தால் பையோடு சாயும். மூன்று பைகளை நெருக்கி வைத்து மூன்று கம்பையும் உச்சியில் சேர்த்துக் கட்டுங்கள். அல்லது மாடியில் துணி காயப்போடும் கம்பி இருந்தால் அதிலிருந்து ஒரு சணல் கயிற்றைத் தொங்கவிட்டு, தண்டை அதில் வாரத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள். பசுமைக்குடில்களில் இப்படித்தான் வளர்க்கிறார்கள். அடுத்த முறை கம்பை நாற்று நடும்போதே ஊன்றிவிடுங்கள். செடி வளர்ந்த பிறகு குத்தினால் வேர் அறுபடும்.

கட்டுக்கு வாழை நார். உங்கள் தெருவில் பூக்கட்டும் அம்மா இருந்தால் அவரிடமே கிடைக்கும். கிடைக்காவிட்டால் சணல், பழைய பருத்தி வேட்டி கிழித்த நாடா. கம்பைச் சுற்றி இரண்டு சுற்று, இறுக்கமாக. பிறகு நாரைக் குறுக்கே மாற்றி, எட்டு போட்ட மாதிரி, செடியைச் சுற்றிக் கொண்டுவந்து முடிச்சுப் போடுங்கள். இறுக்கம் கம்புக்கு மட்டும். செடிப் பக்கம் சுண்டுவிரல் போய்வர வேண்டும். ஒரு இலைக்காம்புக்கு அடியில் கட்டினால் கட்டு கீழே நழுவாது. பூங்கொத்துக்கு நேர் அடியில் கட்டாதீர்கள், காய் பருத்ததும் அதில் உரசும். நார் சில மாதத்தில் இத்துப்போய் விழுந்துவிடுமே என்று கேட்பீர்கள். விழட்டும், அதற்காகத்தான் நார். நீங்கள் மறந்தாலும் அது செடியை அறுக்காது. உங்கள் கேபிள் டை தக்காளி செத்து, பை கிழிந்து, மண் காய்ந்த பிறகும் அப்படியே இருக்கும்.

இதைப் படித்ததும் கத்தரிக்கோலோடு மாடிக்குப் போய் மிச்சம் இருக்கிற கேபிள் டை எல்லாவற்றையும் வெட்டுங்கள். நாளைக்கு என்று வைக்காதீர்கள், மேலே பிஞ்சு கனக்கக் கனக்கத் தண்டு அந்த இடத்தில்தான் மடியும். வெட்டும்போது ஒரு கையால் செடியைப் பிடித்துக்கொள்ளுங்கள், டை போனதும் பொத்தென்று சாயும். மாமியாரையும் கூட அழைத்துப் போங்கள். கொடிக்குக் காய் பாரமா என்று சொல்கிறவருக்குப் பந்தல் தெரிந்திருக்கும், நார்க் கட்டும் தெரிந்திருக்கும்.

ஒடிந்த இரண்டையும் குப்பையில் போட்டுவிடவில்லையே? வாடாமல் இருந்தால் நுனியில் ஒரு சாண் வெட்டி, கீழ் இலைகளையும் பூவையும் கிள்ளிவிட்டு, ஈர மண்ணில் பாதி ஆழம் செருகி நிழலில் வையுங்கள். தக்காளித் தண்டு மண்ணைத் தொட்டால் வேர் விடும் என்று மேலே சொன்னேனே. பத்துப் பதினைந்து நாளில் பிடித்துவிடும். பிடித்ததும் எழுதுங்கள்.