துண்டறிக்கையில் ‘சட்டபூர்வமாக்கல்’: ஜெர்மனியும் நியூசிலாந்தும் ஒன்றல்ல

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலுள்ள சாட்ஸ்வொர்த் மகளிர் கூட்டத்துக்கான துண்டறிக்கையில் ஜெர்மனியையும் நியூசிலாந்தையும் ‘பாலியல் தொழிலைச் சட்டபூர்வமாக்கிய நாடுகள்’ என ஒரே வரியில் எழுதாதீர்கள். நீங்கள் கேட்ட, பாலியல் தொழில் பற்றிய நம் 2022 மசோதா குற்றநீக்க வகையைச் சேர்ந்தது; அதாவது, இத்தொழிலைக் குற்றமாகக் கருதுவதையே நீக்குவது. அதற்கு நெருக்கமானது நியூசிலாந்தே.

ஆங்கில மூலத்தின் legalisation (அரசு விதிகளுக்கு உட்பட்டு அனுமதிக்கும் சட்டபூர்வமாக்கல்), decriminalisation (குற்றநீக்கம்) என்ற இரு வேறு சொற்களுக்கும் தமிழில் ஒரே சொல்லைப் போட்டதால்தான் இந்தச் சிக்கல் வந்திருக்கும் என நினைக்கிறேன்.

இரண்டையும் பிரித்தறிய ஒவ்வொரு நாட்டைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: தனியாகத் தொழில் செய்யும் பெண் அரசிடம் பதிவு செய்தாக வேண்டுமா? ஜெர்மனியில் 2017 முதல் ஆம். 2003 சட்டத்தின் கீழ் நியூசிலாந்தில் இல்லை. சுவீடன் இரண்டிலும் சேராது. அங்கே 1999 முதல் பாலியல் சேவையை வாங்குவது குற்றம், விற்பது குற்றமல்ல.

இங்கே 1957 சட்டம் விற்பவரையும், 2007 திருத்தம் வாங்குபவரையும் குற்றவாளியாக்கின. டர்பனில் நான் உதவிய சட்ட உதவி மேசைக்கு, கன்னம் வீங்கிய நிலையில் வந்த ஒரு பெண், “புகார் கொடுத்தால் முதலில் என்னைத்தானே பிடிப்பார்கள்?” என்று கேட்டுவிட்டு, படிவத்தைத் தொடாமலே எழுந்து போனார். அந்த அச்சத்தை நீக்குவதே குற்றநீக்கத்தின் மையம் என்பதால், சொல் மாறினால் உங்கள் வாசகர்களுக்குப் பொருளே மாறிவிடும்.

ஒரு எச்சரிக்கை: நியூசிலாந்திலும் தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு இத்தொழிலில் அனுமதியில்லை. இங்கே 2022 டிசம்பரில் பொதுமக்கள் கருத்துக்காக வெளியானது மசோதா மட்டுமே, சட்டம் அல்ல. ஆகவே அச்சுக்குக் கொடுக்கும் நாளில் அதன் நிலையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.