இங்கிலாந்து ஆறுகளில் கிடைக்கும் சிக்னல் கிரேஃபிஷைப் பிடித்துச் சமைக்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்

சமைக்கலாம், நன்றாகவே இருக்கும். ஆனால் கூண்டு வாங்குவதற்கு முன் அனுமதி வாங்குங்கள். நான் இந்த வரிசையை மாற்றிச் செய்து அசிங்கப்பட்டவன். அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் இந்த நாட்டுக்கு வந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். சூப்பர் மார்க்கெட்டில் வெந்து உரித்து வைத்திருக்கும் இறாலைத் தின்று நாக்கு செத்துப்போயிருக்கும். ஆற்றோரம் நடக்கும்போது தண்ணீருக்கடியில் குட்டி சிங்கி இறால் மாதிரி ஏதோ பின்பக்கமாக நீந்தி ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன், ரெடிங் பக்கம் கென்னட் ஆற்றில். கொடுக்கு மடங்குகிற இடத்தில் வெள்ளையாகவோ இளநீலமாகவோ ஒரு திட்டு இருந்தால் அதுதான் சிக்னல் கிரேஃபிஷ். அந்தக் காலத்து ரயில்வே சிக்னல்காரர் கையிலிருந்த வெள்ளைக் கொடி போல இருக்கிறதாம், அதனால் அந்தப் பெயர்.

எனக்கு ஊர் கும்பகோணம் பக்கம். வயல் நண்டு பிடித்து வளர்ந்தவன். வளை வாயில் ஈரமண் புதிதாகக் கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். கையை விட வேண்டியதுதான். வரப்பில் நண்டு வளை போட்டால் தேக்கிய தண்ணீர் ராத்திரியோடு ராத்திரியாகப் பக்கத்து வயலுக்குப் போய்விடும். அதனால் நண்டு பிடிக்கிற பையனை எங்கள் ஊரில் யாரும் திட்ட மாட்டார்கள், "இங்கேயும் வந்து பிடிடா" என்றுதான் கூப்பிடுவார்கள். அதே நினைப்பில்தான் இங்கேயும் இறங்கினேன். இந்த ஜந்துவும் கரையில் வளை தோண்டுகிறது, மண் சரிகிறது, தண்ணீர் கலங்குகிறது. போதாக்குறைக்கு இது வந்தேறி. வட அமெரிக்காவிலிருந்து 1970களில் பண்ணையில் வளர்த்து விற்கலாம் என்று கொண்டுவந்தார்கள், அதுவும் அரசே ஊக்குவித்து. பண்ணையிலிருந்து தப்பி ஆறு முழுக்கப் பரவியது. கூடவே பூஞ்சை மாதிரியான ஒரு கிருமியால் வரும் நோயும் வந்தது. சிக்னல் அதைச் சுமந்துகொண்டு சுகமாகத் திரியும். இந்த ஊரிலேயே பிறந்த வெண்கொடுக்கு கிரேஃபிஷுக்கு வந்தால் கூட்டத்தோடு போச்சு. இப்படிப்பட்ட ஒன்றைப் பிடித்துத் தின்றால் யார் என்ன சொல்லப்போகிறார்கள்?

சொன்னார்கள். ஆன்லைனில் மலிவாகக் கிடைத்த மடக்குக் கூண்டு இரண்டு வாங்கினேன். மீன்கடையில் சும்மா கொடுத்த சால்மன் தலையை உள்ளே கட்டி, சாயங்காலம் ஒரு மரவேரில் கயிற்றை முடிந்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை மகளையும் அழைத்துக்கொண்டு போனால், கூண்டுக்குப் பக்கத்தில் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். தூண்டில்காரர்கள் சங்கத்தின் ஆற்றுக் காவலர். கூண்டில் அடையாளச் சீட்டு எங்கே என்றார். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. அப்புறம் கூண்டைத் தூக்கி அதன் வாயைக் காட்டினார். நீர்நாய் மீனுக்காக உள்ளே நுழைந்து வெளியே வர முடியாமல் மூழ்கிச் செத்துவிடுமாம். வாய் 95 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, இருந்தால் நீர்நாய்த் தடுப்பு வளையம் போட வேண்டும். என் கூண்டின் வாயில் என் முஷ்டி தாராளமாகப் போனது. மகள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், ஒன்பது வயது.

நிறத்தைப் பார்த்துத்தான் கேட்டார் என்று யாரும் கருத்துப் பெட்டியில் கிளம்பாதீர்கள். மரியாதையாகத்தான் பேசினார், தப்பு என் மேல். ஆனால் அந்த நேரத்தில் ரோஷம் வந்துவிட்டது. "உங்கள் ஆற்றுக்கு நல்லதுதானே செய்கிறேன்?" என்றேன். அவர் சிரித்துவிட்டார். கூண்டில் சிக்குவது பெரியது மட்டும்தான், பெரியதுதான் குட்டிகளைத் தின்று எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைத்திருக்கிறது, அதை நீங்கள் எடுத்துவிட்டால் குட்டிகளுக்குக் கொண்டாட்டம் என்றார். சமாளிக்கிறார் என்று நினைத்தேன். பிறகு தேடிப் படித்தால், யார்க்‌ஷயரில் ஒரு சின்ன ஓடையைத் துண்டு துண்டாக வடியவிட்டு எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். கூண்டில் சிக்குகிற அளவுக்கு வளர்ந்தவை நூற்றுக்கு இரண்டு மூன்றுதான். மிச்சமெல்லாம் குட்டி. ஆகவே ருசிக்காகப் பிடியுங்கள், தாராளமாக. ஆற்றுக்குச் சேவை செய்கிறேன் என்று அலுவலகத்தில் பீற்றிக்கொள்ளாதீர்கள். நான் பீற்றிக்கொண்டு ஒரு வாரம் ஆகியிருந்தது.

அடுத்த வருடம் ஒழுங்காகச் செய்தேன். இங்கே ஆறுகளைக் கவனிக்கிற அரசு அமைப்பான என்விரான்மென்ட் ஏஜென்சியிடம் விண்ணப்பிக்க வேண்டும், காசு கிடையாது. கரைக்குச் சொந்தக்காரரின் சம்மதமும் வேண்டும். அதுதான் கஷ்டம், எனக்கு உடன் வேலை செய்பவர் ஒருவரின் மாமனார் வீட்டுத் தோட்டம் வாய்க்கால் வரை போவதால் கிடைத்தது. கூண்டு ஒவ்வொன்றிலும் சீட்டைக் கட்ட வேண்டும். வருடக் கடைசியில் எத்தனை பிடித்தோம் என்று கணக்கு எழுதி அனுப்ப வேண்டும். வெண்கொடுக்கு இருக்கிற இடத்தில் கேட்டாலும் தர மாட்டார்கள். தப்பித்தவறி அது சிக்கினால் அந்த இடத்திலேயே உடனே விட்டுவிட வேண்டும். சிக்னலோ நேர் எதிர், பிடித்ததைத் திரும்ப விட்டால் குற்றம், சின்னதாக இருக்கிறதே, பாவம் என்று விட்டாலும் குற்றம்தான். ஸ்காட்லாந்தில் இருக்கிறீர்கள் என்றால் இந்தப் பதிலையே மறந்துவிடுங்கள், அங்கே நம்மைப் போன்றவர்கள் பிடிக்கவே கூடாது. நான் வக்கீல் இல்லை, விதிகள் மாறும், நீங்களே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

உயிரோடு வீட்டுக்குக் கொண்டுபோகவும் கூடாது. ஐஸ் நிறைத்த பெட்டியில் போட்டால் அரைமணி நேரத்தில் மரத்துப்போகும், அப்புறம் தலை நடுவில் கத்தியை இறக்கிவிடுவேன். கொடூரம் என்பவர்களுக்கு: 2022இல் வந்த சட்டம் நண்டு, இறால் வகைகளையும் உணர்வுள்ள உயிர்களாகத்தான் சேர்த்திருக்கிறது, அது எனக்கும் தெரியும். அதனால்தான் உயிரோடு கொதிநீரில் போடுவதில்லை. கொன்ற பிறகு தாமதிக்காதீர்கள், சதை சீக்கிரம் கெடும். பெருமழை பெய்த மறுநாள் பிடிக்கவும் வேண்டாம். அன்றைக்கு ஆற்றில் சாக்கடையும் சேர்ந்து ஓடும்.

வால் விசிறியில் நடு இதழை மட்டும் பிடித்துத் திருகி இழுத்தால் குடல் நூல் மாதிரி முழுசாக வந்துவிடும். உப்புத் தண்ணீரில் ஐந்தாறு நிமிடம் வேகவிட்டால் ஓடு செக்கச் செவேல் என்று ஆகும். உரித்தால் வால் சதைதான், பெரியதில் கொடுக்கிலும் கொஞ்சம். இரண்டு கிலோ பிடித்து உரித்ததில் எங்களுக்கு ஒரு கிண்ணம் தேறியது. சின்ன வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை, கடைசியில் நிறைய மிளகு, அவ்வளவுதான். தக்காளி போட்டுக் குழப்பாதீர்கள். ருசி இறாலுக்கும் வயல் நண்டுக்கும் நடுவில். உரித்த ஓட்டையும் கொடுக்கையும் எறியாமல் அம்மியில் நசுக்கி (எங்களிடம் இருப்பது சப்பாத்திக் கட்டை) நண்டு ரசம் மாதிரி வைத்தோம். வறுவலைவிட அதுதான் அருமை. வீடியோவில் பார்த்த மாமியார், "என்ன மாப்பிள்ளை, தேளைப் போய் அடுப்பில் வச்சிருக்கீங்க?" என்றார். இறால் ஒத்துக்கொள்ளாதவர்கள் இதையும் தொட வேண்டாம்.

ஓடு வேகும்போது வருகிற வாடையைப் பற்றியும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். முன்பு இருந்த வாடகை வீட்டைக் காலி செய்தபோது "சமையல் வாடை" என்று ஒரு வரி எழுதி முன்பணத்தில் 180 பவுண்டு பிடித்துக்கொண்டார் ஏஜென்ட். இரண்டு நாள் ஜன்னலைத் திறந்து வைத்து, திரைச்சீலை எல்லாம் துவைத்துக் கொடுத்த வீடு. முறையீடு செய்திருக்கலாம், வேலை மாறுகிற நேரம், விட்டுவிட்டேன். அவர் அலுவலகத்துக்கு நேர் எதிரே வெள்ளிக்கிழமை ராத்திரி சிக்கன் டிக்கா மசாலாவுக்கு வரிசை நிற்கும். அந்த வாடைக்கு யார் யாரிடம் பிடித்தம் செய்கிறார்கள் என்று தெரியவில்லை. அதனால்தான் இப்போது வாடகை வீட்டில் இருப்பவர்கள் கேட்டால், ஓடு வேகவைப்பதைத் தோட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். மிச்ச ஓட்டைக் குப்பை வண்டி வருகிற நாள் வரை ஃப்ரீசரில் வையுங்கள். ஆகஸ்டில் ஒருமுறை தொட்டியில் போட்டுவிட்டு நாங்கள் பட்ட பாடு போதும்.

கடைசியாக, என்ன கையுறை போடுவது? தோட்டவேலைக்கான தடித்த தோல் கையுறை. ரப்பர் கையுறையை அது ஒரே கவ்வில் கிழித்துவிடும். வயல் நண்டு பிடித்த கை என்று நான் முதல்நாள் வெறுங்கையோடு கூண்டுக்குள் விட்டேன். கட்டைவிரல் நகம் விழுந்து முளைக்க நான்கு மாதம் ஆயிற்று.