இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களை மேலும் கீழுமாகத் தொடராக இணைத்து 12 வோல்ட்டைப் பாதியாக்கினால், நடுவில் 6 வராமல் 1 வோல்ட் காட்டுவது ஏன்?

நடுவில் மாட்டிய 1 கிலோ ஓம் லோடை, அதாவது மின்சாரம் எடுக்கும் கருவியை, கணக்கில் சேர்க்கவில்லை, அதுதான். கீழே உள்ள 10 கிலோ ஓமுக்கு அது இணையாக வந்துவிடுகிறது: 10 × 1 ÷ 11 = 0.909 கிலோ ஓம். மேலே 10 கிலோ ஓம் அப்படியே இருக்கிறது. ஆக, 12 × 0.909 ÷ 10.909 = 1 வோல்ட். மீட்டர் மேல் பழி போடாதீர்கள்.

லோடைக் கழற்றிவிட்டு அளந்து பாருங்கள், 6 வர வேண்டும். வராவிட்டால் ரெசிஸ்டர்களின் வண்ணப் பட்டைகளைச் சரிபாருங்கள்: 10 கிலோ ஓமுக்குப் பழுப்பு, கருப்பு, ஆரஞ்சு. மூன்றாவது சிவப்பு என்றால் அது 1 கிலோ ஓம்; மங்கிய வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இரண்டு ரெசிஸ்டர்களையும் 100 ஓமாக மாற்றினால் லோடோடு 5.7 வோல்ட் கிடைக்கும். ஆனால் மீதி 6.3 வோல்ட் விழும் மேல் ரெசிஸ்டரில் 6.3 × 6.3 ÷ 100, கிட்டத்தட்ட 0.4 வாட் சூடு. கால் வாட் ரகம் கருகிவிடும், 1 வாட் போடுங்கள். என்னைக் கேட்டால், 6 வோல்ட்டை நிலையாகத் தரும் 7806 ஐசி ஒன்றே போதும்.