தம்பியின் உதவித்தொகை: சிறைப் பயிற்சி வகுப்பால் திரும்ப வருமா?

சிறைக்குள் வெல்டிங் வகுப்பில் சேர்ந்ததால் தம்பியின் எஸ்எஸ்டிஐ (வேலை செய்து வரி கட்டியவர் ஊனமுற்றால் அமெரிக்க அரசு தரும்) உதவித்தொகை தொடரும் என்று உங்களிடம் யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதை நம்பி இருந்துவிடாதீர்கள். கைதிகளின் தொகையை நிறுத்த 1980இல் அமெரிக்கா கொண்டுவந்த சட்டத்தில் மறுவாழ்வுப் பயிற்சிக்கு ஒரு விலக்கு இருந்தது உண்மைதான். ஆனால் அந்த நபருக்கென்றே நீதிமன்றம் ஒப்புதல் தந்த பயிற்சியாக இருக்க வேண்டும் என்பது அப்போதே நிபந்தனையாக இருந்தது. சிறை நிர்வாகம் தானாகச் சேர்த்துவிடும் வகுப்பு அதில் சேர்ந்ததில்லை.

தண்டனை பெற்று, தொடர்ந்து 30 நாட்களுக்கு மேல் அடைபட்டிருந்தால் அவருடைய தொகை நிற்கும். அவருடைய கணக்கின் பேரில் மனைவியும் மகளும் வாங்கும் பணம் நிற்காது. நீங்கள் பயந்தது அதற்குத்தானே?

சிறைக்குப் போன பிறகும் வங்கியில் விழுந்த பணத்தைத் தொடாதீர்கள், பிறகு திருப்பிக் கேட்பார்கள். கைதி விவரத்தைச் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு உடனே தெரிவிக்கும் சிறைக்கு 400 டாலர் வரை அரசே தருகிறது. மறைக்க முடியும் என்று எண்ண வேண்டாம்.

மெடிகேர் பார்ட் பி (அரசு மருத்துவக் காப்பீட்டில் மருத்துவர் செலவுக்கான பகுதி) இருந்தால் அதன் பிரீமியத்தை நீங்களே கட்டிவாருங்கள்.

விடுதலைச் சான்றிதழின் நகலுடன் சமூகப் பாதுகாப்பு அலுவலகம் சென்றால், விடுதலையான மாதத்துக்கு அடுத்த மாதத்திலிருந்து தொகை மீளும். அவர் வாங்கியது எஸ்எஸ்ஐ (வருமானம் குறைந்தவர்களுக்கான வேறொரு உதவித்தொகை) என்றால் கதை வேறு: 12 மாதம் தொடர்ந்து நின்றால் புதிதாகவே விண்ணப்பிக்க வேண்டும். அவருக்கு வந்த உதவித்தொகைக் கடிதத்தில் எது என்று முதலில் பாருங்கள்.