வீட்டு மொழியும் வெள்ளை மாளிகையும்

அன்புள்ள தம்பிக்கு,

நியூயார்க் மாநிலத் தலைநகரான ஆல்பனிக்குக் குடிவந்து நான்கு மாதங்கள்கூட நிறையாத நிலையில், உங்கள் ஐந்து வயது மகளின் வகுப்பாசிரியை "இனி வீட்டிலும் ஆங்கிலத்திலேயே பேசுங்கள்" என்று சொன்னதால் கலங்கிப்போய் எழுதியிருக்கிறீர்கள். 2025 மார்ச் 1 அன்று ஆங்கிலத்தை நாட்டின் அலுவல் மொழியாக அறிவித்து அதிபர் டிரம்ப் பிறப்பித்த ஆணையையும் சேர்த்து எண்ணி, "இந்த நாட்டு அதிபர்களுக்கே ஆங்கிலம் தவிர வேறு மொழி தெரியாது என்கிறார்களே, நாம் ஏன் தமிழைப் பிடித்துக்கொண்டு பிள்ளையைச் சிரமப்படுத்த வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஆணை அரசு அலுவலகங்களின் நடைமுறை பற்றியது. உங்கள் அடுக்களைப் பேச்சில் அது தலையிடாது. அதிபர்களைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டதோ உண்மையன்று.

உங்கள் வீட்டிலிருந்து தெற்கே சுமார் 20 மைல் தொலைவில் கின்டர்ஹூக் என்னும் சிற்றூர் இருக்கிறது. 1837 முதல் 1841 வரை 8-ஆவது அதிபராக இருந்த மார்ட்டின் வான் பியூரன் 1782-இல் அங்கேதான் பிறந்தார். அவருடைய தாய்மொழி டச்சு. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்று அதிபரானவர் இன்றுவரை அவர் ஒருவரே. கின்டர்ஹூக் இருக்கும் ஹட்சன் ஆற்றுப் பகுதி டச்சுக்காரர் கையிலிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியது 1664-இல். அவர் பிறந்தபோது அதற்கு 118 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆட்சியும் நீதிமன்றமும் ஆங்கிலத்துக்குப் போய்விட்ட பிறகும், வீட்டிலும் தேவாலயத்திலும் டச்சு மொழியை அந்த மக்கள் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

அவருடைய தந்தை ஊரில் ஒரு விடுதி நடத்தினார். நியூயார்க்குக்கும் ஆல்பனிக்கும் இடையே பயணம் செய்த வழக்கறிஞர்களும் அரசியல்வாதிகளும் அங்கே தங்கிப் பேசிக்கொண்டிருக்க, அந்தப் பேச்சைக் கேட்டும் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தும் சிறுவனுக்கு ஆங்கிலம் வசப்பட்டது. பின்னர் அவர் மணந்த ஹன்னா ஹோஸும் அதே ஊரின் டச்சுக் குடும்பத்துப் பெண்தான். அவர்கள் வீட்டில் பேசிக்கொண்டதும் டச்சு மொழியில்தான். வீட்டு மொழி அவருக்கு எந்தப் பதவியையும் தடுக்கவில்லை.

வாழ்ந்த ஊர்களில் மொழி கற்ற அதிபர்களும் உண்டு. ஜான் குவின்சி ஆடம்ஸ் 10 வயதில் தந்தையோடு பிரான்சுக்குப் போய் அங்கே பிரெஞ்சு பழகினார். 1781-இல், 14 வயதுப் பையனாக இருந்தபோதே, ரஷ்யாவுக்கு அனுப்பப்பட்ட அமெரிக்கத் தூதருக்குப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளராகச் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வரை சென்றார். ஜெர்மன் மொழியையும் பின்னாளில் ஒரு நெடுங்கவிதையை ஆங்கிலத்தில் பெயர்க்கும் அளவுக்குக் கற்றுக்கொண்டார். பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்குப் பிரெஞ்சும் ஜெர்மனும் வீட்டுக்கு வந்து கற்பித்த ஆசிரியைகளிடமிருந்து கிடைத்தவை. அது செல்வர் வீட்டு வழி, நமக்குப் பொருந்தாது.

எனக்கு மிகவும் பிடித்தவர்கள் ஹூவர் தம்பதியர். சுரங்கப் பொறியாளரான ஹெர்பர்ட் ஹூவர் 1899-இல் திருமணம் முடிந்த கையோடு மனைவி லூவை அழைத்துக்கொண்டு சீனா சென்று தியான்ஜின் நகரில் குடியேறினார். லூ ஆசிரியர் வைத்து முறையாகச் சீனம் கற்றார். கணவரைவிட அவருக்கே அந்த மொழி நன்றாக வந்தது. பிறகு ஹூவர் அதிபராகி 1929 முதல் 1933 வரை வெள்ளை மாளிகையில் வாழ்ந்தபோது, அருகில் இருப்பவர்களுக்குப் புரியக் கூடாத செய்தியை அவர்கள் இருவரும் சீனத்தில் பேசிக்கொள்வது வழக்கம். கடையில் விலையைப் பார்த்துவிட்டு நீங்களும் உங்கள் மனைவியும் மெல்லத் தமிழுக்கு மாறுவீர்களே, அதே பழக்கம்தான்.

இதற்கு நேர்மாறான ஒரு கருத்தையும் இங்கே யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். இந்த நாட்டில் ஆங்கிலம் என்னும் ஒரே மொழிக்குத்தான் இடமுண்டு என்று முன்னாள் அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் 1919 ஜனவரியில், இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன், எழுதினார். முதல் உலகப் போரை ஒட்டி ஜெர்மன் மொழி பேசியவர்கள்மீது ஐயமும் வெறுப்பும் மண்டியிருந்த காலம் அது. ஆனால் அவரே 1873-இல் சிறுவனாக டிரெஸ்டன் நகரில் ஒரு ஜெர்மன் குடும்பத்தோடு தங்கி அந்த மொழியைக் கற்றவர், பிரெஞ்சும் பேசுவார். அவருடைய வாக்கியத்தைச் சொல்பவர்கள் அவருடைய வாழ்க்கையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன்.

மொழி கைநழுவிப் போவதற்கும் அதிபர்களிடையே சான்று உண்டு. ஒபாமா 1967 முதல் 1971 வரை ஜகார்த்தாவில் சிறுவனாக வாழ்ந்து, தெருப் பிள்ளைகளோடு இந்தோனேசிய மொழியில் விளையாடியவர். பத்து வயதில் ஹவாய்க்குத் திரும்பிய பிறகு அந்த மொழியில் அன்றாடம் பேச ஆளில்லை. 2010 நவம்பரில் இந்தோனேசியப் பல்கலைக்கழகத்தில் உரையாற்றியபோது, "ஊருக்குத் திரும்பியிருக்கிறேன்" என்னும் பொருளில் "பூலாங் கம்போங் நீ" என்று சொன்னதும் அரங்கம் ஆர்ப்பரித்தது. சாத்தே என்னும் குச்சியில் சுட்ட இறைச்சியும் பக்சோ என்னும் இறைச்சி உருண்டையும் விற்பவர்கள் தெருவில் கூவும் குரலையும் அவர் நினைவுகூர்ந்து கூவிக்காட்டினார். ஆனால் உரையை ஆங்கிலத்தில்தான் நிகழ்த்த முடிந்தது. தனக்கு வேற்றுமொழி பேசத் தெரியாதது வெட்கமாக இருக்கிறது என்று 2008 தேர்தல் பரப்புரையின்போது அவரே வெளிப்படையாகச் சொல்லியிருந்தார்.

அந்த உரையைப் பார்த்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை, தம்பி. உங்களுக்குச் சொல்லப்பட்ட அதே அறிவுரை எங்களுக்கும் சொல்லப்பட்டது. நாங்கள் அதைக் கேட்டு மூத்தவனிடம் தமிழ் பேசுவதை நிறுத்தினோம். இரண்டே ஆண்டுகளில், திருநெல்வேலியிலிருந்து அம்மா தொலைபேசியில் "சாப்பிட்டியாய்யா?" என்று கேட்டபோது, அவன் சற்று நேரம் பேசாமல் நின்றுவிட்டு, தொலைபேசியை என் கையில் கொடுத்தான். என்ன கேட்கிறார் என்பது அவனுக்குப் புரிந்திருந்தது. பதில் சொல்லத்தான் வார்த்தை வரவில்லை. மறுமுனையில் அம்மா, "என்னய்யா, ஆச்சி மேல கோவமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியதை மட்டும் சொல்கிறேன். நியூயார்க் மாநிலப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கும்போது வீட்டு மொழி எது என்று கேட்கும் படிவம் ஒன்றைத் தந்திருப்பார்கள். அதில் அச்சப்பட்டு ஆங்கிலம் என்று எழுதியிருந்தால், பள்ளி அலுவலகத்துக்குச் சென்று உண்மை நிலையைச் சொல்லுங்கள். தமிழ் என்று தெரிந்தால் அவளுடைய ஆங்கிலத்தைச் சோதித்துப் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் ஆங்கிலத்துக்கெனத் தனிப் பயிற்சி அளிப்பது பள்ளியின் கடமை. ஆசிரியையிடம், ஆங்கிலத்தைப் பள்ளியில் அவர் வளர்க்கட்டும், தமிழை வீட்டில் நாங்கள் வளர்க்கிறோம் என்று பணிவாகவும் உறுதியாகவும் சொல்லுங்கள். மகள் ஆங்கிலத்தில் பதில் சொன்னாலும் நீங்கள் தமிழை விட வேண்டாம். வாரந்தோறும் அவளும் அவளுடைய ஆச்சியும், நீங்கள் இடையில் புகாமல், தாங்களாகவே பேசிக்கொள்ளட்டும்.

வெயில் காலம் வந்ததும் ஒரு சனிக்கிழமை நம் இரு குடும்பங்களும் கின்டர்ஹூக் போய்வரலாம். வான் பியூரன் முதுமையில் வாழ்ந்த லிண்டன்வால்டு மாளிகையையும், ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அவர் அடங்கியிருக்கும் இடத்தையும் பார்த்துவிட்டு வரலாம். புளியோதரையும் தயிர்ச்சோறும் நாங்கள் கட்டி எடுத்து வருகிறோம்.

அன்புடன்,
அண்ணன்