உணர்வற்ற காலின் எரிச்சல்

மதிப்பிற்குரிய ஐயா,

என் தந்தை சென்ற ஆண்டு தென்னையிலிருந்து விழுந்து தண்டுவடத்தில் அடிபட்டவர். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஆனாலும் இரவானால் கால் எரிகிறது என்று துடிக்கிறார். ஊசியால் குத்திப் பார்த்தேன், அவருக்குத் தெரியவில்லை. ஆகவே வலிப்பதுபோல் அவருக்குத் தோன்றுகிறது என்றே நினைக்கிறேன். மாத்திரையைக் குறைத்துவிட்டேன். இனி வர்ம ஆசானிடம் கிழி (சூடான மருந்துப் பொட்டலம்) வைக்கலாமா, மின்கருவி சிகிச்சை பார்க்கலாமா?

ஒரு வாசகர், குலசேகரம்

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் அந்த ஊசியைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் அதே காரியத்தை நானும் செய்திருக்கிறேன்.

கருங்கல் பக்கம் பனையேறியாக இருந்த என் தாய்மாமா பனையிலிருந்து விழுந்து படுக்கையானபோது எனக்கு 11 வயது. "காலுல தீ பிடிக்குது மக்களே, போர்வையை எடு" என்று இரவெல்லாம் அரற்றுவார். உணர்வே இல்லாத காலில் என்ன தீ என்று வீட்டில் சலித்துக்கொள்வார்கள். ஒரு நாள் அவர் கண்ணயர்ந்திருந்தபோது அவருடைய கால் பெருவிரலை நகம் பதிய நுள்ளினேன். அவர் அசையவில்லை. விழித்ததும், "நுள்ளினது உமக்குத் தெரியல்லியே மாமா, பின்னே எப்படி எரியும்?" என்று வென்றவனைப் போலக் கேட்டேன். விரலில் பிறைபோலப் பதிந்திருந்த தடத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதன்பின் எரிகிறது என்று அவர் என்னிடம் சொன்னதே இல்லை. எரிச்சல் நின்றுவிட்டது என்றே நாங்கள் நம்பினோம்.

வலிப்பதுபோல் தோன்றுகிறது என்று இனி எழுதாதீர்கள். வலிக்கிறது என்று எழுதுங்கள். ஊசி குத்திய செய்தி மூளைக்குப் போகும் வழி அறுந்திருக்கிறது. ஆனால் வலி பிறப்பதற்கு அந்த வழி தேவையில்லை. அடிபட்ட இடத்தை ஒட்டிய நரம்பணுக்களும், கீழிருந்து செய்தி வராமற்போன மூளைப் பகுதிகளும் தாமாகவே மிகையாகத் தூண்டப்படுகின்றன, அதை மூளை காலின் எரிச்சலாக உணர்கிறது. கையை இழந்தவருக்கு இல்லாத விரல் வலிப்பதும் இந்த வகைதான். நீங்கள் ஊசியால் சோதித்தது, வெளியிலிருந்து குத்துவது அவருக்குத் தெரிகிறதா என்பதை மட்டுமே. வலியைச் சோதிக்க அவர் சொல்லைத் தவிர வேறு கருவி இல்லை.

மாத்திரையை நீங்களாகக் குறைத்தது பெரும் தவறு. கபாபென்டின், பிரீகாபலின் போன்ற நரம்புவலி மாத்திரைகளை மருத்துவர் சொல்லாமல் குறைக்கவோ சட்டென்று நிறுத்தவோ கூடாது. வர்மத்தைப் பற்றி நான் வழக்காடப் போவதில்லை. ஆனால் சூடு தெரியாத காலில் சூடான கிழி வேண்டவே வேண்டாம், தோல் வெந்தாலும் அவருக்குத் தெரியாது. மின்கருவி சிலருக்குச் சற்று உதவுகிறது, இயன்முறை மருத்துவரைக் கேட்டுப் பாருங்கள்.

வலி போனபின் பயிற்சி என்று காத்திருக்காதீர்கள். கைகளுக்கும் தோளுக்கும் பயிற்சி, சக்கர நாற்காலியில் முற்றத்துக்கு வருவது, ஒழுங்கான உறக்கம் இவையெல்லாம் வலிக்கான மறுவாழ்வுச் சிகிச்சையில் சேர்ந்தவையே. தென்காசி அருகே ஆய்க்குடியில், தண்டுவடம் அடிபட்ட ஒருவரே 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் இருக்கிறது, விசாரியுங்கள். எரிச்சல் திடீரென்று கூடினால் படுக்கைப்புண், சிறுநீர்த்தொற்று, மலச்சிக்கல் இருக்கிறதா என்று உடனே பாருங்கள்.

இன்றிரவு அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த இடத்தில், எந்த நேரத்தில், எப்படி எரிகிறது என்று கேட்டு, அவர் சொல்லும் சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளை மருத்துவரிடம் கொடுங்கள்.